பிஸ்மில்லாஹ்வில் தொடங்கும் இசைத்தட்டு

சென்ற நோன்புப் பெருநாளன்று தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவளுடைய மகன் பதினாறு வயதினன். அஸர் தொழுகைக்குப் பின் அவன் தன் கைப்பேசியில் ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டைத் தொடங்கினான். கூடத்தில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்த எங்கள் உம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். கைப்பேசியிலிருந்து ஓர் ஆண்குரல் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று தெளிவாக மொழிந்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. "பிள்ளை நல்லதைத்தான் கேட்கிறான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு மீண்டும் தஸ்பீஹில் ஆழ்ந்தார்கள். கால் மணி நேரம் சென்றிருக்காது. அதே கருவியிலிருந்து வந்த சில சொற்கள் ஆங்கிலம் அறிந்த மைத்துனரின் செவியில் விழ, அவர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டார். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொன்ன வாயை ஏன் மூடினார் என்று அவர்களுக்கு வியப்பு.

பையன் என்னிடம் வந்தான். "மாமா, நீங்கள்தான் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களாயிற்றே! இதைக் கேட்கலாமா, கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான். முழுவதும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது மதிப்புரையாளனுக்கு அழகன்று என்று கூறித் தவணை வாங்கிக்கொண்டேன். நாகூர் ஹனிபாவின் குரலில் வளர்ந்த செவிக்கு இந்த இசை எளிதில் வசப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பாடல்களின் எழுத்து வடிவத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, பதினேழையும் மும்முறை கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இசைத்தட்டின் பெயர் 'பிளாக் ஆன் போத் சைட்ஸ்'. இருபுறமும் கறுப்பு என்பது பொருள். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ராக்கஸ் என்னும் நிறுவனம் வெளியிட்டது. பாடியவர் அந்நாளில் மோஸ் டெஃப் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்டவர். 2012ஆம் ஆண்டு முதல் யாசீன் பே என்ற பெயரை மேற்கொண்டுள்ளார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1973 டிசம்பரில் பிறந்த கறுப்பினத்தவர். அவருடைய தந்தையார் முதலில் எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் இருந்தவர். எலிஜா 1975இல் காலமானபின், அவருடைய மைந்தர் வாரிதுத்தீன் முஹம்மது அம்மக்களைப் பெருந்திரளாக ஸுன்னத் வல் ஜமாஅத்தின் பாதைக்கு அழைத்து வந்தபோது அவருடன் வந்தவர். மகனுக்குப் பதின்மூன்று வயதில் உளூச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தந்தையே. பத்தொன்பதாம் வயதில் மகன் கலிமா மொழிந்து தீனில் இணைந்தார். இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

ஹிப்-ஹாப் என்னும் இவ்விசையும் அவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்நாளையே இக்கலையின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு கருவிகளில் வைத்து, முரசு மட்டும் ஒலிக்கும் சிறுபகுதியை மாற்றி மாற்றிச் சுழற்றி நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. அந்தத் தாளத்தின் மீது பேச்சை அடுக்குவதே ராப். நம் சந்தப் பாவலர்கள் எதுகையையும் இயைபையும் கொண்டு செய்த வேலைக்கு இது மிக நெருங்கியது. இசைப்பாட்டுக்குச் சற்றுத் தொலைவானது. சாதாரணப் பாட்டைவிடப் பன்மடங்கு சொற்கள் இதில் உண்டு. ஆகவே இதை மெட்டைக் கேட்டு மதிப்பிட முடியாது, கவிதையாக வாசித்தே மதிப்பிட வேண்டும். பெற்றோர் பலர் தவறுவது இங்கேதான். காதைக் கிழிக்கும் ஓசை என்று தள்ளுகிறவரும் ஓசைதானே, போகட்டும் என்று விட்டுவிடுகிறவரும் சொல்லைக் கேட்காதவர்களே.

அமெரிக்கப் பெற்றோர் சொல்லைக் கேட்டார்கள். கேட்டு என்ன செய்தார்கள் என்பது நமக்குப் பாடமாகும் ஒரு கதை. அந்நாளில் செனட் உறுப்பினராயிருந்த அல் கோரின் மனைவியார் டிப்பர் கோர், தம் மகளுக்காக வாங்கிய பிரின்ஸ் என்ற பாடகரின் இசைத்தட்டில் வெட்கக்கேடான வரிகளைக் கேட்டுத் திடுக்கிட்டார். அவரும் வாஷிங்டனின் வேறு சில பிரமுகர்களின் துணைவியரும் 1985இல் ஒரு சங்கம் அமைத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் செனட் குழுவின் முன் விசாரணையே நடந்தது. முடிவில் இசை நிறுவனங்கள், பெற்றோருக்கு எச்சரிக்கை என்ற வாசகத்தை உறையில் இட ஒப்புக்கொண்டன. 1990இல் அது ஒரே அமைப்பிலான கறுப்பு வெள்ளை முத்திரையாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் ஃபுளோரிடாவில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர், 2 லைவ் குரூ என்ற குழுவின் ராப் இசைத்தட்டு ஆபாசமானது என்று தீர்ப்பளித்தார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. வால்மார்ட் போன்ற பெருங்கடைகள் முத்திரை குத்திய தட்டுகளை விற்க மறுத்தமையால், தீய சொற்களை மட்டும் மௌனமாக்கிய 'துப்புரவுப் பதிப்பு'களை நிறுவனங்கள் தயாரித்தன. இன்று கைப்பேசியில் பாடலின் பெயரருகே ஓர் ஆங்கில எழுத்தாக அம்முத்திரை சுருங்கிவிட்டது. நம் பையன் கேட்ட இசைத்தட்டிலும் அவ்வெழுத்து உண்டு.

இந்த முத்திரையை இடுவது அரசும் அன்று, அறிஞர் குழுவும் அன்று. விற்கின்ற நிறுவனமே தன் சரக்குக்குத் தானே இட்டுக்கொள்கிறது. அது வசைச்சொல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னார் என்பது அதற்குத் தெரியாது.

உம்மாவின் மகிழ்ச்சியிலும் இதே குறை உண்டு என்பதை மரியாதையுடன் சொல்லவேண்டியிருக்கிறது. அவர்களும் ஒரு முத்திரையைக் கேட்டுத்தான் தீர்ப்பளித்தார்கள். நியூயார்க் ராப் பாடல்களில் அரபுச் சொற்கள் கேட்பது அரிதன்று. 'அல்லாஹ்' என்ற திருநாமமும், ஸலாமும் அடிக்கடி வரும். ஆனால் அவற்றில் பல, 1964இல் ஹார்லத்தில் தோன்றிய 'ஐந்து விழுக்காட்டினர்' என்னும் கூட்டத்தாரின் வழக்கு. நேஷன் ஆஃப் இஸ்லாமிலிருந்து பிரிந்த ஒருவர் தொடங்கிய அக்கூட்டம், கறுப்பு மனிதனே கடவுள் என்று போதிப்பது. அவர்கள் அத்திருநாமத்தைத் தம்மில் ஒருவரை அழைக்கப் பயன்படுத்துவார்கள். தௌஹீதுக்கு இதைவிட நேரெதிரானது வேறில்லை. வசை ஒன்றுகூட இல்லாத ஒரு ராப் பாட்டு, இந்தக் கருத்தைத் தேனில் குழைத்து நம் பிள்ளையின் செவியில் ஊற்றிவிடலாம். எந்த முத்திரையும் அதைத் தடுக்காது. யாசீன் பேயின் பிஸ்மில்லாஹ் அவ்வகையினதன்று. முதற்பாட்டிலேயே அது தெளிவாகிறது. மனிதனுக்கு அஞ்சாதே என்பது அதன் தலைப்பு. ஹிப்-ஹாப் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு, நாம் எங்கே போகிறோமோ அங்கேதான் என்று விடை சொல்கிறார். மனிதனின் பெறுமதி அவன் சேர்த்த பொருளால் வருவதன்று, படைத்தவன் அவனைப் பெறுமதி உடையவனாகப் படைத்ததால் வருவது என்கிறார். ஒரு குத்பாவில் கேட்டால் தலையசைப்போம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனி நூற்பகுதியே எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அதைப் படிக்கும்போது, செனட் குழுவின் விசாரணை எவ்வளவு மேலோட்டமானது என்று தோன்றுகிறது. கேட்பது எப்போது விலக்கப்பட்டதாகிறது என்பதற்கு ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பாடுபவர், இசைக்கருவி, பாட்டின் சொற்பொருள், கேட்பவர், அதிலேயே மூழ்கிக் கிடக்கும் வழக்கம். அமெரிக்கர்கள் மூன்றாவதை மட்டும், அதிலும் சொல்லை விட்டுப் பொருளைப் பாராமல் எடுத்துக்கொண்டார்கள். கஸ்ஸாலி இமாமோ நான்காவதில்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார்கள். கன்னத்தையும் கூந்தலையும் பாடும் கவிதை தன்னளவில் குற்றமாகாது. ஆனால் இளமையின் வேகத்தில் ஆசை மேலோங்கியவன் அதைத் தன் மனத்திலுள்ள ஒருத்திக்குப் பொருத்திக்கொள்வான், அவனுக்கு அது ஆகாது என்பது அவர்களின் கருத்து. குணங்குடி மஸ்தான் சாஹிபின் மனோன்மணிக் கண்ணியை நம் முதியோர் மனமுருகிப் பாடியதும், அதையே சிறுவர்கள் முன் எல்லா நேரத்திலும் பாடாததும் இந்த நுட்பம் அறிந்துதான் என்று நினைக்கிறேன்.

இந்த அளவுகோலுடன் நான்காம் பாட்டுக்கு வருவோம். மைத்துனரை எழுந்து போகச் செய்தது இதுவே. அதன் தலைப்பை நம் இதழில் அச்சிட இயலாது. ஒரு பெண்ணின் உடலுறுப்பைக் கொச்சையாகச் சுட்டிப் பெயராக்கியது. கதை நேர்த்தியானது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு கேளிக்கையில் கண்ட பெண்ணைப் பின்தொடர்ந்து, நெருங்கி, மாதக்கணக்கில் அவளே உலகம் என்று கிடந்து, ஈற்றில் அவளால் கைவிடப்பட்டு நிற்கிறான் ஒருவன். வேட்டையாடியதாக நினைத்தவன் ஏமாந்து நிற்கும் முடிவில் ஒரு நகைச்சுவையும் உண்டு. அரேத்தா ஃபிராங்க்ளினின் பழைய பாட்டொன்றிலிருந்து துண்டு ஒன்றை எடுத்துப் பின்னணியில் ஓடவிட்டிருக்கும் அழகு, பிடிக்காதவரையும் ஒரு கணம் நிறுத்தும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பெண்ணை ஆடவர் கூட்டத்தின் முன் அங்கம் அங்கமாக வருணிப்பதைக் கஸ்ஸாலி இமாம் வெளிப்படையாக விலக்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பாட்டில் பெயர் இருக்கிறது, உடல் இருக்கிறது, மனம் மட்டும் இல்லை. பதினாறு வயதுப் பையன் இதிலிருந்து கற்பது ஏமாறாதே என்ற முடிவை அன்று. பெண்ணைப் பார்க்கும் பார்வையை.

துப்புரவுப் பதிப்பு என்ற ஏற்பாட்டின் பொய்மையும் இங்கே விளங்குகிறது. இந்தப் பாட்டில் கெட்ட சொற்களை எல்லாம் ஊமையாக்கினாலும் கதையும் பார்வையும் அப்படியே இருக்கும். முத்திரை நீங்கிவிடும், தீங்கு நீங்காது. இது நம் வீட்டில் வேண்டாம். பிள்ளைக்கு மட்டுமன்று, எனக்கும் வேண்டாம்.

அடுத்து வரும் இரண்டு பாட்டுகள் வெறும் தற்பெருமை. என்னைப்போல் பாட எவருண்டு என்ற பழைய புலவர் செருக்கு. கடந்து போகலாம்.

ஏழாவது பாட்டு நல்ல சிரிப்பு. வறுமை மிக்க தெருவில் கழுத்திலும் கையிலும் பொன்னைத் தொங்கவிட்டு நடக்கிறவன், அதைப் பறிகொடுத்தால் யாரை நோவது என்று கேட்கிறது. கொள்ளையடிப்பவனை நியாயப்படுத்தவில்லை, பகட்டுகிறவனைப் பழிக்கிறது. நம் திருமண வீடுகளில் ஒலிபெருக்கியில் போடவேண்டிய பாட்டு!

எட்டாவது 'உமி செய்ஸ்'. இந்த இசைத்தட்டில் என்னை அசைத்தது இதுதான். உமி என்பது என்ன என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. எழுத்து வடிவத்தில் 'அபி' என்று அடுத்து வந்ததும் விளங்கிற்று. உம்மீ, அபீ: என் தாய், என் தந்தை. புரூக்ளின் நகரத்துக் கறுப்பு இளைஞன், தன் தாயை நாம் நம் தாயை அழைக்கும் அதே வேர்ச்சொல்லால் அழைக்கிறான். உன்னிடமுள்ள ஒளியை உலகுக்குக் காட்டு என்று தாயும் தந்தையும் மூத்தோரும் சொன்னதாகப் பாடுகிறார். ராப்பின் வேகப் பேச்சு இதில் இல்லை. குரலும் அத்துணைப் பயிற்சி பெற்றதன்று, சில இடங்களில் தடுமாறுகிறது. நான் குறையற்றவன் அல்லன், இயன்றதைச் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். போராட்டமே வேண்டாம், மனைவி மக்களோடு அமைதியாக இருந்தால் போதும் என்று சில நாள் தோன்றுவதையும் மறைக்கவில்லை. பிறகு, தம் கறுப்பின மக்களுக்கு விடுதலை வேண்டும் என்ற ஒரே வேண்டுதலை, திக்ரைப்போல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகிறார். இந்தப் பாட்டைச் சிறு பிள்ளையும் கேட்கலாம். உம்மாவிடம் ஒருநாள் பொருள் சொல்லிக் கேட்கச் செய்தேன். குரல் நன்றாக இல்லை, துஆ நன்றாக இருக்கிறது என்றார்கள். இதைவிடச் சுருக்கமான மதிப்புரை என்னால் எழுத முடியாது.

ஒன்பதாவது பாட்டு தண்ணீரைப் பற்றியது. நீர் மாசுபடுவதையும், விலைபொருளாவதையும், ஏழை நாடுகள் தாகத்தில் தவிப்பதையும் 1999இலேயே பாடியிருக்கிறார். 2014இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில், கறுப்பு மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரில், செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரின் மூலத்தை ஆற்றுக்கு மாற்றியதால் குழாய்களிலிருந்து ஈயம் கலந்து வீடுகளுக்கு வந்தது. அந்தச் செய்தியை அறிந்தபின் இப்பாட்டைக் கேட்பவன் இதை வெறும் கோபம் என்று சொல்லமாட்டான். பத்தாவது பாட்டு, ராக் அண்ட் ரோல் என்ற இசையைக் கறுப்பர் உண்டாக்க, வெள்ளையர் புகழ் கொண்டனர் என்னும் முறையீடு. சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் அறிந்த எவரும் வரலாற்றை மறுக்க முடியாது. ஆனால் வழக்காடும் தொனி நேர்மையைக் கடந்து ஏளனத்துக்குள் போய்விடுகிறது. பிறர் கலையைத் தாழ்த்தாமலே இதைச் சொல்லியிருக்கலாம்.

பதினாறாவது பாட்டின் பெயர் கணிதம். டி.ஜே. பிரீமியர் என்பவர் இசை அமைத்தது. எண்களை ஒன்றொன்றாக அடுக்கி, வறுமை, கூலி, சிறை என்று ஒரு சமூகத்தின் கணக்கேட்டைப் படித்துக் காட்டுகிறார். அந்நாளைய அமெரிக்காவின் கணக்கு உண்மையிலேயே அச்சம் தருவது. 2000ஆம் ஆண்டின் நடுவில் அங்கே சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 19 இலட்சம் பேர். 1986இல் இயற்றிய சட்டப்படி, ஏழைக் கறுப்பர் தெருக்களில் விற்ற கட்டி வடிவக் கொக்கெயின் 5 கிராம் கடத்தியவனுக்கும், வசதி படைத்தோர் பயன்படுத்திய தூள் வடிவம் 500 கிராம் கடத்தியவனுக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை. நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. பள்ளியில் விகிதமும் சதவிகிதமும் படிக்கும் பிள்ளைக்கு, எண்ணுக்குப் பின்னால் மனிதன் இருக்கிறான் என்று காட்டும் பாடல் இது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர், வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்கக் கேட்டால் மிகுந்த பயன் உண்டு.

பதினைந்தாவது பாட்டை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தேன். இதன் தலைப்பிலேயே கறுப்பரை இழிக்கும் அந்தச் சொல், திரு என்ற அடைமொழியுடன் நிற்கிறது. அதையும் இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. ஆனால் நான்காம் பாட்டின் தலைப்பை எழுதாததற்கும் இதை எழுதாததற்கும் காரணம் ஒன்றன்று. நான்காம் பாட்டு ஒருத்தியை இழிக்கிறது. இந்தப் பாட்டு, இழிக்கப்பட்டவனின் வாக்குமூலம். புகழும் பொருளும் பெற்று விமானத்தில் முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் கறுப்பு மனிதனைப் பார்த்து, பயணச்சீட்டைக் காட்டு என்று கேட்கிறார்கள். எவ்வளவு உயர்ந்தாலும் அவர்கள் கண்ணில் அவன் திருவாளர் அந்தச் சொல்தான். வாய்விட்டுச் சொல்லாமல் நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்கிறார்களே, அந்தச் சொல்லை எடுத்து வெளியில் வைக்கிறார் பாடகர். துப்புரவுப் பதிப்பில் இந்தச் சொல்லை நீக்கினால் பாட்டே இல்லை. முத்திரைக்கோ, நான்காவதும் பதினைந்தாவதும் ஒன்றே.

திருமறையின் அஷ்ஷுஅரா அத்தியாயம், புலவர்களைக் கண்டித்து வந்து ஈற்றில் சிலரை விலக்கி வைக்கிறது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைந்து, அநீதி இழைக்கப்பட்ட பின்னர்த் தம்மைக் காத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அநீதிக்குள்ளானவன் வாய் திறக்கும் உரிமை கவிதையின் இலக்கணத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாட்டுக்கு அந்த வாயிலில் இடமுண்டு என்றே கருதுகிறேன்.

எனினும் இதுவே நம் பிள்ளைகளுக்கு அதிக ஆபத்தானதும் ஆகும். அந்தச் சொல்லின் வரலாறு அமெரிக்கக் கறுப்பனின் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. நம் பையனுக்கு அது தெரியாது. அவன் அதை ஒரு நாகரிகச் சொல்லாக எடுத்து, நண்பர்களை அழைக்கப் பயன்படுத்துவான். என் தங்கை மகனே பயன்படுத்தினான், என் முன்னாலேயே. கெட்ட வார்த்தை என்று தெரிந்த சொற்களை வீட்டில் அடக்கி வாசிக்கிறவன், இதைக் கூச்சமில்லாமல் சொன்னான். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை அவனுக்குச் சொன்னேன். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்று பரவலாகச் சொல்வதுண்டு என்பதையும் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் மாமா, சாச்சி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் குறைவு என்று சொல்லிப் போனார்களே, அது மட்டும் என்னவாம்?" என்று கேட்டான். பிலாலின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் நம் சமூகத்தில், அக்கேள்விக்குக் கூடத்திலிருந்த பெரியவர்கள் எவரும் விடை சொல்லவில்லை. நானும்தான்.

பிஸ்மில்லாஹ்வைச் சொல்லித் தொடங்கியவர் நான்காம் பாட்டையும் பாடலாமா என்று மைத்துனர் கேட்கிறார். பாடலாகாது. இதில் அவருக்காக வாதாட என்னால் இயலவில்லை. நல்ல செயலின் தொடக்கத்தில் சொல்வதற்கு உரிய சொல் அது. தொடங்கியபின் நடுவில் வரும் எல்லாவற்றையும் அது நல்லதாக்கிவிடுவதில்லை. குறையற்றவன் அல்லன் என்று அவரே எட்டாம் பாட்டில் சொன்னது அவருடைய பணிவுக்குச் சான்று, அந்தப் பாட்டுக்கு மன்னிப்பன்று. பின்னாளில் அவர் வேறு வகையிலும் தம் ஈமானை மெய்ப்பித்தார் என்பதையும் சொல்லவேண்டும். 2013 ஜூலையில், குவாந்தநாமோ சிறையில் உண்ணாநோன்பிருந்த கைதிகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி உணவு புகட்டும் கொடுமை எப்படிப்பட்டது என்று உலகறிய, தம்மையே அதற்கு உட்படுத்திக்கொண்டு படம்பிடிக்கச் செய்தார். அப்படத்தை நான் முழுவதும் பார்க்க முடியவில்லை. அவராலும் முழுவதும் தாங்க முடியவில்லை; நிறுத்தச் சொல்லி அழுதுவிட்டார்.

தங்கைக்கு நான் எழுதிய கடிதத்தில் இவ்வாறு குறித்தேன். பதின்மூன்றுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு எட்டாவது பாட்டு மட்டும் போதும். பெரியவனிடம் நான்காவதை நீக்கிவிடச் சொல். நீக்கினானா என்று கைப்பேசியைப் பறித்துப் பார்க்காதே, ஏன் நீக்கச் சொன்னோம் என்பதை அவனுடைய வாப்பா அவனிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசட்டும். ஏழும் ஒன்பதும் பதினாறும் அவன் விரும்பியபோது கேட்கலாம். பதினைந்தாவதை அவன் தனியாகக் கேட்கக் கூடாது; நீங்கள் இருவரும் உடன் அமர்ந்து கேளுங்கள், சாச்சி மகளும் அங்கே இருந்தால் நல்லது. இரவில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டே உறங்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்து. கஸ்ஸாலி இமாம் ஐந்தாவதாகச் சொன்னது அதைத்தான்.

பதினேழாம் பாட்டில் சொற்களே இல்லை. இசை மட்டும் மெதுவாக வந்து அடங்குகிறது. முத்திரை குத்துவோருக்கும் மைத்துனருக்கும் அதில் ஆட்சேபம் எழ வழியில்லை. இசைக்கருவியே ஆகாது என்று கூறும் எங்கள் மஹல்லா ஆலிம்சாவுடன் அதைப்பற்றிப் பேச இன்னும் நேரம் வாய்க்கவில்லை.